கயிற்றைப் பிடிக்க வேண்டிய மைத்துனன்

முன்னொரு காலத்தில் வரையாற்று நாட்டைச் சேந்தவர்மன் என்றோர் அரசன் ஆண்டுவந்தான். அவன் செய்ததை வரிசை மாறாமல் சொல்லிவிடுகிறேன். முதலில், காடு முழுவதும் தனக்குச் சொந்தம் என்றான். அடுத்து, காட்டில் பிறந்தவர்கள் தனக்குத் தேன் எடுத்துத் தரவேண்டும் என்றான். அதற்கடுத்து, தேனில் புகை வாடை அடிக்கிறது, இனி மலையில் எவனும் புகை போடக் கூடாது என்றான்.

"புகை போடாமல் மலைத்தேனீயை எப்படி விரட்டுவது மன்னா?" என்று அமைச்சர் பூதனார் மட்டும் கேட்டார்.

அரசியின் தம்பி மல்லிநாதனுக்கு அமைச்சர் பதவி மேல் நெடுநாளாகக் கண். அரண்மனைச் சுவர் ஓட்டையில் இருந்த கொசுத்தேனீக் கூட்டுக்குள் விரலை விட்டு எடுத்தான். "பாருங்கள் அத்தான், ஒன்றுகூடக் கொட்டவில்லை. அமைச்சருக்கு வயதாகிவிட்டது. ஈயெல்லாம் புலியாகத் தெரிகிறது."

கொசுத்தேனீக்குக் கொட்டத் தெரியாது என்பதை அங்கே பாதிப் பேர் அறிவார்கள். இருந்தும் சபை கைதட்டியது. அதற்குத்தான் அவர்களுக்குச் சோறு.

அந்தக் கோடையில் புகை போடாமல் தேனெடுக்கக் கயிறு கட்டிப் பாறையில் இறங்கிய தொட்டன் என்ற மலைக்காரன் விழுந்து செத்தான். மேலே கயிறு பிடித்திருந்த அவன் மைத்துனன் சடையனைச் சபைக்கு இழுத்துவந்தார்கள்.

"கயிற்றை அறுத்துக் கொன்றிருக்கிறான். அதே பாறையிலிருந்து இவனையும் தள்ள வேண்டும்," என்றான் மல்லிநாதன்.

சடையனின் முகம் வீங்கிக் கண் மூடியிருந்தது. "நான் அறுக்கலை சாமி. உடம்பெல்லாம் ஈ. தாங்காம, தேன் வெட்டுற கத்தியால அவரே அறுத்துக்கிட்டாரு."

"ஈக்குப் பயந்து எவனாவது சாவானா?"

பூதனார் எழுந்தார். "மல்லிநாதர் சொல்வது சரி. ஈக்கு என்ன பயம்? மன்னா, தாங்களே இறங்கி, கூட்டிலிருந்தே ஒரு வாய் தேன் குடித்தால் என்ன? எந்த அரசனும் செய்யாதது."

அரசன் குதித்தெழுந்தான். "இது ஏன் எனக்குத் தோன்றவில்லை? நாளைக்கே போவோம்."

"மலையில் ஒரு வழக்கம் உண்டு. இறங்குகிறவனின் கயிற்றை அவன் மனைவியோடு பிறந்தவன்தான் பிடிக்க வேண்டும். உடன்பிறந்தவள் தாலி இழப்பாளே என்று அவன் கையை விடமாட்டானாம். மல்லிநாதர் பிடிக்கட்டும்."

மல்லிநாதன் ஓரடி பின்வாங்கினான். "வேண்டாம் அத்தான்."

"ஏன்? ஈதானே?" என்றான் அரசன்.

"இது அந்த ஈ இல்லை. பொந்துத்தேனீ நாலு கொட்டுக் கொட்டிவிட்டுப் போய்விடும். கொம்புத்தேனீ கிளையை அசைத்தால்தான் சீறும். மலைத்தேனீ ஒன்று கொட்டினால் அந்த வாடைக்கு முழுக் கூடும் எழுந்து வரும். ஓடினாலும் துரத்தும். கயிறு பிடிப்பவனையும் மொய்க்கும். புகை இல்லாமல் என்னால்…"

"விட்டுவிடுவாயா?"

மல்லிநாதன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான்.

"இவன் விடவில்லை," என்று பூதனார் சடையனின் கைகளைத் தூக்கிக் காட்டினார். உள்ளங்கை இரண்டும் கிழிந்திருந்தன. "காவலர் வந்து பிரிக்கும்வரை கயிறு இந்தக் கையில்தான் இருந்தது."

அரசன் சடையனை விடுவித்தான். மைத்துனனின் தலைப்பாகையைக் கழற்றச் சொன்னான். தன் முத்துமாலையை அமைச்சரிடம் நீட்டினான்.

"மாலை வேண்டாம் மன்னா. சாவுக்குக் காரணமானவன் பெயரைச் சாட்சிகள் முன் வாசிப்பது நம் சட்டம். அது நடக்கட்டும்."

"மல்லிநாதன் என்று வாசி," என்று ஓலை வாசிப்பவனிடம் சொன்னான் அரசன்.

சபையோரம் நின்ற மலைச்சனத்திலிருந்து சடையனின் அக்காள், தொட்டனின் மனைவி, முன்னால் வந்தாள். "பொகை போடக் கூடாதுன்னு சொன்னது இவரா சாமி?" என்று கேட்டாள். அவள் குரலில் கோபம்கூட இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

அரசன் குனிந்த தலை நிமிராமல், "இல்லை," என்றான். பிறகு ஓலை வாசிப்பவனிடம் சொன்னான்: "பட்டம் எதையும் சேர்க்காதே. வாசி."

மலைச்சனம் நின்ற பக்கம் திரும்பி அவன் வாசித்தான்:

"தொட்டன் சாவுக்குக் காரணமானவன், சேந்தவர்மன்."