பிரித்த ஊசி

உடுமலை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், மருந்துக்கடை மாடியில், ஷமீமா டீச்சர் அக்குபஞ்சர் பார்த்துவந்தார். மாதவிலக்கு முறைதவறியவர்கள், குழந்தைக்குக் காத்திருப்பவர்கள் என்று எந்நேரமும் பெண்கள் கூட்டம். அவரிடம் தொழில் கற்ற வடிவு, டீச்சரைவிட எட்டு வயது மூத்தவள். கல்யாணமாகிப் பதினாறு வருஷம், பிள்ளை இல்லை. சிகிச்சைக்கு வந்தவள்தான், அப்படியே சிஷ்யையாகத் தங்கிவிட்டாள்.

அங்கே ஒரு கட்டுப்பாடு உண்டு. கடைசியாக விலக்கான தேதியைக் கேட்காமல் ஊசி உறையைப் பிரிக்கக் கூடாது. நாள் தள்ளியிருந்தால் கணுக்கால் பக்கம் ஊசியே போகக் கூடாது; கரு இருந்தால் கலைந்துவிடும் என்பார் டீச்சர்.

அன்று மத்தியானம் வடிவு டீச்சரின் அறைக்குள் வந்து நின்றாள். பிரித்த ஊசி ஒன்று கையில் அப்படியே இருந்தது.

"பிரிச்சுட்டு வைக்கலையாக்கா?"

"மேகலாவை இனி நீங்களே பாத்துக்குங்க டீச்சர். என்னால ஆகாது."

மேகலா வடிவின் ஓரகத்தி. கல்யாணமாகி மூன்றே வருஷம். நான்கு மாதமாக இங்கே வருகிறாள். "வீட்டுலயே கைராசிக்காரி இருக்கறப்ப வெளிய எதுக்கு?" என்று மாமியார்தான் அனுப்பிவைத்தார். கைராசியாம், கைராசி! ஊருக்கெல்லாம் பலிக்கிற கைராசி. அதைக் கேட்ட அன்றே வடிவுக்கு வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது.

"என்ன ஆச்சு?"

"நாப்பத்திமூணு நாளாச்சாம்."

டீச்சர் பேனாவைக் கீழே வைத்தார். "எப்பக் கேட்டீங்க?"

"ஊசியப் பிரிச்சதுக்கப்புறம்."

"முதல்ல கேக்க வேண்டியதாச்சே."

"தெரியாமயா? பதிலக் கேக்கத் தெம்பில்லீங்க."

டீச்சர் நிமிர்ந்து அவள் கையிலிருந்த ஊசியைப் பார்த்தார்.

"காலத் தொடச்சு, ஊசியக் கிட்டக் கொண்டு போயிட்டேன். அப்பத்தான் வாய் கேட்டுச்சு. சிரிச்சுக்கிட்டே சொல்றா டீச்சர். அந்தச் சிரிப்பு எனக்குப் பொறுக்கல."

"வச்சீங்களா?"

"ஐயோ, வைப்பனா? எடுத்துட்டேன். இன்னிக்கு வேண்டாம், வீட்டுக்குப் போன்னு மட்டும் சொன்னேன். டெஸ்ட் பண்ணிப் பாருன்னு சொல்ல நாக்கு எழும்பல."

சொல்லிவிட்டு வடிவு சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"எனக்கும் ரெண்டு வருஷம் வச்சீங்களே. இதே கட்டில்ல, இதே கணுக்கால்ல. எனக்கு ஏன் நிக்கல?"

"தெரியலக்கா."

"அவளுக்கு மட்டும்?"

"அதுவும் தெரியல."

தெரியலையாம்! ஏதாவது ஒரு காரணம் சொல்லியிருந்தால் அதைப் பிடித்துக்கொண்டாவது சண்டை போட்டிருக்கலாம். வடிவுக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன.

"இவ்வளவு எரிச்சல வச்சுக்கிட்டு நான் யாருக்கும் ஊசி வைக்கலாமா? என்னை அனுப்பிடுங்க டீச்சர்."

டீச்சர் கை நீட்டி அந்த ஊசியை வாங்கினார். ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்துவிட்டு, கழித்த ஊசிகளைப் போடும் டப்பாவுக்குள் போட்டார்.

"மனசு எரிஞ்சப்ப கை என்னக்கா பண்ணுச்சு?"

"தானா விலகிருச்சு."

"நான் கத்துக்குடுத்தது அந்தக் கைக்குத்தான்."

வடிவு தன் உள்ளங்கையைப் பார்த்தாள்.

"மேகலா இன்னும் போகல. ஜன்னல்ல பாத்தேன், படியில உங்களுக்காகத்தான் நிக்கறா. போய்ச் சொல்லுங்க."

"அவ முன்னால அழுதுருவேன் டீச்சர்."

"அழுதுக்கிட்டே சொல்லுங்க. சந்தோஷத்துல அழறீங்கன்னு அவ நெனச்சுக்கட்டும்."