தாலாட்டுக்குப் போட்ட பூட்டு

விளக்கு வைத்துக் கொஞ்ச நேரத்தில் அறைக்குள் 'டொய்ங்' என்றொரு சத்தம். எலியுமில்லை, பல்லியுமில்லை. ரெஜினா குழந்தையை மார்போடு இறுக்கிக்கொண்டு சிலுவை போட்டாள். பேய்க்குக்கூட அவள் பயப்படவில்லை. பேய் பிடிக்க ஓடிவரும் மூன்று பேரை நினைத்துத்தான் பயந்தாள்.

வந்துவிட்டார்கள். கணவன் இன்னாசி, கொழுந்தன்மார் கஸ்பார், லாசர். புத்திக்குப் பேர்போன குடும்பம். என்ன பேர் என்று மட்டும் தெருவில் விசாரிக்கக் கூடாது.

சத்தம் போட்டது இன்னாசியின் செல்போன். பாட்டு ஆப் பாஸ்வேர்ட் கேட்டது. குழந்தைக்குக் காய்ச்சல், நன்றாகத் தூங்கவிடுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதற்கோ தாலாட்டு ஓடினால்தான் தூக்கம்.

இன்னாசி கையால் மறைத்துக்கொண்டு பாஸ்வேர்டை அடித்தான். 'நினைவில் வைத்துக்கொள்ளட்டுமா?' என்று ஆப் பணிவாகக் கேட்டது. 'வேண்டாம்' என்று அமுக்கினான். ஒரு பாட்டு முடிந்தது. டொய்ங்! குழந்தை வீலென்றது.

"இப்பத்தான சொன்னோம், அதுக்குள்ள மறந்துட்டே!" என்று போனைக் கடிந்தான் கஸ்பார்.

"வேண்டாம்னு அமுக்கினா மறக்காம என்ன செய்யும்?" என்றாள் ரெஜினா.

"நம்ம ரகசியம் அதுக்கு எதுக்கு மைனி? நாளைக்கு எவன்ட்டயாவது சொல்லிட்டா?"

லாசர் உருகிப்போனான். "சொல்பேச்சு கேக்குற ஆப்புண்ணே. மறன்னா மறக்குது பாருங்க."

பிறகு திரையில் இருந்ததை வாசித்தான்: "பாஸ்வேர்ட் அடிக்கும்போது யாரும் பார்க்கக் கூடாது."

மூவரும் கண்ணை மூடிக்கொண்டு அடித்தார்கள். தப்பு என்றது. ஆலோசித்தார்கள். அடிக்கிறவனும் ஒரு ஆள்தானே? போனை மட்டும் அறையில் விட்டுவிட்டு, எல்லோரையும் வாசலுக்குக் கூட்டிப்போய், இன்னாசி பாஸ்வேர்டைத் தொண்டை கிழியக் கத்தினான்: "நெத்திலிக்கருவாடு!"

போன் அசையவில்லை. எதிர்வீட்டுக்காரி மட்டும் கால் கிலோ கேட்டாள். ரெஜினாவின் தோளில் குழந்தை அனலாய்க் கொதித்தது.

"கதவு தெறந்து கெடக்குல்லா? அதான் அதுக்குக் கூச்சம்," என்றான் கஸ்பார்.

"உள்தாழ்ப்பாள் போடணும்," என்றான் லாசர். "ஆனா உள்ள ஆள் இருக்கக் கூடாது."

இன்னாசி நெடுநேரம் யோசித்தான். "ரெஜினா, நீ உள்ள போய்த் தாழ்ப்பாளப் போட்டுட்டு வெளிய வந்துரு."

கல்யாணமாகி இந்த வீட்டில் அவள் கேட்ட முதல் நல்ல யோசனை. குழந்தையோடு உள்ளே போனாள். கருவாட்டை அடித்தாள். 'நினைவில் வைத்துக்கொள்ளட்டுமா?' 'சரி.' தாலாட்டு மெல்லத் தொடங்கியது. குழந்தையின் கண் சொருகியது. தாழ்ப்பாளைப் போட்டாள்.

"பாதி வேல முடிஞ்சுது," என்றான் வெளியே இன்னாசி, திருப்தியாக. "சத்தம் போடாதீங்கலே. இனி அவ வெளிய வர வேண்டியதுதான் பாக்கி."