மல்லாத்தி எடுக்காத படம்

நவநீதன் எக்ஸ்ரே படத்தை உறையிலிருந்து எடுத்து நீட்டினான். பேராசிரியை இசக்கியம்மாள் படத்தைப் பார்க்கவில்லை, அவன் கோட்டைப் பார்த்தார். கால்நடை மருத்துவம் படித்த காலத்தில், கசங்கிய கோட்டுக்காகவே அவர் வகுப்பு வாசலில் நிறுத்திவைத்த ஆள் அவன். இப்போது அதில் ஒரு சுருக்கம் இல்லை.

"யாரு தேய்ச்சுக் குடுத்தது?"

"சவரிமுத்துன்னு ஒருத்தர், மேடம். என் கிளினிக் எதிர்ல இஸ்திரி வண்டி போட்டிருக்கார். அவரோட நாய் படம்தான் இது."

படம் வெளிச்சப் பெட்டியில் ஏறியது. ஒருக்களித்துப் படுத்த ஒரு சின்ன நாயின் வயிறு. முதுகெலும்புக்குக் கீழே பெரிதாக ஒரு நிழல், அதற்குள் பளிச்சென்று ஒரு வெள்ளைப் புள்ளி.

"என்னன்னு சொன்னே?"

"கிட்னி வீங்கியிருக்கு, உள்ளே கல்லுன்னு சொன்னேன்."

மீதியை அவன் தலையைக் குனிந்தபடியே சொன்னான். கடலை என்று பெயர் வைத்து, பெற்ற பிள்ளை போல வளர்த்த நாய். வயதாகிவிட்டது. தின்றதையெல்லாம் வாந்தியெடுத்து, முதுகைக் கூனிக்கொண்டு நின்றது. இனி தேறாது என்று இவன்தான் சொன்னான். சவரிமுத்து அழுது தீர்த்துவிட்டு, அப்படியானால் கஷ்டப்படாமல் அனுப்பிவிடுங்கள் என்றார். ஊசி போட்டான். ஒண்டுக்குடித்தனத்தில் புதைக்க ஏது இடம், நீங்களே அடக்கம் பண்ணிவிடுங்கள் என்று உடலை விட்டுப்போனார்.

அந்தக் கல்லை மேடத்திடம் கொண்டுபோய்க் காட்டலாமே என்று நவநீதனுக்குப் புத்தி போயிற்று. திறந்து பார்த்தான். சிறுநீரகங்கள் இரண்டும் அவரை விதை மாதிரி வழவழவென்று, ஒரு குறையும் இல்லாமல் இருந்தன. படத்தில் கல்லாகத் தெரிந்தது, குடலில் சிக்கியிருந்த ஒரு எலும்புத் துண்டு. அதை எடுத்துப்போட்டிருந்தால் கடலை இன்றைக்கும் அந்த வண்டிக்கு அடியில் படுத்திருக்கும்.

இசக்கியம்மாள் எழுந்து ஜன்னல் வெயிலுக்குப் போனார். ஒரு முஷ்டிக்குப் பின்னால் இன்னொன்றை வைத்தார். சுவரில் பெரிதாக ஒரே நிழல் விழுந்தது. கைகளை மெல்லத் திருப்பினார். நிழல் இரண்டாகப் பிரிந்தது.

"முதல் வகுப்பிலேயே இதைக் காட்டினீங்க மேடம். ஒருக்களிச்சு ஒண்ணு, மல்லாத்தி ஒண்ணு. மறக்கல."

"பிறகு ஏன் மல்லாத்தி எடுக்கல?"

"மல்லாத்திக் காலைப் பிடிச்சு நீட்டினதும் கடலை கத்துச்சு. போதும் சார், விட்டுருங்கன்னு அவரும் கையைப் பிடிச்சுக்கிட்டார். பாவமா இருந்துச்சு. விட்டுட்டேன்."

அவர் வெளிச்சப் பெட்டிக்குத் திரும்பி வந்தார். திட்டியிருந்தால்கூட அவனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

ஆனால் அவன் திட்டு வாங்குவதற்காக வரவில்லை. சவரிமுத்துவுக்கு இன்னும் எதுவும் தெரியாது. வலி தெரியாமல் அனுப்பிவைத்த புண்ணியவான் என்று தெருவில் போகிற வருகிறவர்களிடமெல்லாம் இவனைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கிறார். கேட்காமலே கிளினிக்குக்குள் வந்து, கோட்டை எடுத்துப்போய்த் தேய்த்து, ஆணியில் மாட்டிவிட்டுப் போகிறார். அதைப் போட்டுக்கொள்ளும்போதெல்லாம் நவநீதனுக்கு உடம்பு கூசுகிறது.

"அவர்கிட்ட சொல்லத்தான் வேணுமா, மேடம்?"

"நீ என்ன நினைக்கிறே?"

"சொன்னா அந்த மனுஷன் உடைஞ்சுபோயிருவார். இப்ப நிம்மதியா இருக்கார். அப்படியே விட்டுடறதுதான் அவருக்கு நல்லதுன்னு தோணுது."

இசக்கியம்மாள் விளக்கை அணைத்தார். படத்தைக் கழற்றி, உறையில் போட்டு, அவன் கையில் கொடுத்தார்.

"கடலை கத்தினப்பவும் உனக்கு இப்படித்தான் தோணியிருக்கும்" என்றார்.