போர்ச்சுகல்காரனைக் கட்டிப்போட்டவன்

வியாசர்பாடியில் உமாபதி மாஸ்டரிடம் கால்பந்து பழகிய நடுக்களத்துக்காரர்கள் இரண்டு பேர். ஆபிரகாம் போர்ச்சுகலுக்குப் போனான். விமல்ராஜ் போகவில்லை.

போனவன் அங்கே ஒரு கிளப்பில் நிலைத்துவிட்டான். ஏரியாவே அவன் ஆட்டத்தை செல்போனில் பார்த்தது. விமல்ராஜும் பார்த்தான். ஆபி பாஸைக் கோட்டைவிட்ட இடங்களை மட்டும் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தான். வேறு எந்தக் காரியத்திலும் அவனுக்கு அத்தனை பொறுமை கிடையாது.

ஆபி லீவில் ஊருக்கு வந்தான். தெருவெல்லாம் பேனர். விமல்ராஜின் சொந்தத் தங்கையே ஓடிப்போய் அவனோடு செல்ஃபி எடுத்துக்கொண்டு வந்தாள். அன்று விமல்ராஜுக்குச் சோறு இறங்கவில்லை. எழுந்து மாஸ்டரிடம் போனான்.

மாஸ்டர் கோல் வலையில் கிழிசலைக் கட்டிக்கொண்டிருந்தார்.

"மாஸ்டர், அவன்கிட்ட இருக்கிறது என்கிட்ட இன்னா இல்ல?"

மாஸ்டர் முடிச்சைப் பல்லால் இறுக்கினார்.

"அவனை விட நல்லா பாஸ் குடுப்பேன். நீங்களே சொல்லியிருக்கீங்க."

"சொன்னேன்."

"அப்புறம் எப்படி அவன் அங்க, நான் இங்க? வயிறு எரியுது மாஸ்டர்."

"ஞாயித்துக்கிழமை நம்ம பசங்க ரெண்டு டீமா ஆடுறாங்க. ஆபி எதிர் டீம். கோவாலேர்ந்து ஒரு கிளப்காரர் பார்க்க வர்றார். நடுவுல ஆட ஆள் வேணுமாம். நான் யாரையும் கைகாட்ட மாட்டேன், அவரே பார்த்து எடுத்துக்கட்டும். நீ ஆடிட்டு வந்து கேளு."

விமல்ராஜுக்கு இருபத்தெட்டு வயது. இதைவிட்டால் இன்னொரு கிளப் தேடி வராது என்பது அவனுக்கே தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை விசில் ஊதியதும் போய் ஆபியோடு ஒட்டிக்கொண்டான். ஆபி வலப்பக்கம் போனால் இவனும் போனான். ஆபி தண்ணீர் குடிக்க ஓரத்துக்குப் போனபோதும் கூடவே போய் நின்றான்.

"இன்னா மச்சான், என்கூடவே ஃப்ளைட் ஏறிடுவ போல" என்று ஆபி சிரித்தான்.

விமல்ராஜ் சிரிக்கவில்லை.

ஆபி விவரமானவன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, கோட்டோரமாகப் போய் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றான். விமல்ராஜும் பக்கத்தில் நின்றான். ஆளில்லாத நடு வழியாக ஆபி டீமின் மற்றவர்கள் பந்தைக் கொண்டுபோய் மூன்று கோல் போட்டார்கள். "நடுவுக்கு வாடா டேய்!" என்று இவன் டீம்காரர்கள் தொண்டை கிழியக் கத்தினார்கள். ஒருமுறை பந்தே அவன் காலடிக்கு வந்தது. அதை எடுத்துக்கொண்டு ஓடினால் ஆபியை விடவேண்டியிருக்கும். வெளியே தட்டிவிட்டான்.

ஆட்டம் முடிந்தது. தோற்றதைப் பற்றி அவனுக்கு வருத்தமே இல்லை. போர்ச்சுகல் வித்தையைப் பார்க்க வந்த கூட்டம் தொங்கிய முகத்தோடு கலைவதைப் பார்க்கப் பார்க்க இனித்தது. ரொம்ப வருஷத்துக்குப் பிறகு வயிற்றெரிச்சல் அடங்கியிருந்தது. மாஸ்டரிடம் ஓடினான்.

"பார்த்தீங்களா மாஸ்டர்? அவனை பந்தையே தொட விடல."

"பார்த்தேன்."

"இப்ப சொல்லுங்க, யார் பெரிய ஆளு?"

மாஸ்டர் ஓரக் கொடிகளைப் பிடுங்கிச் சுருட்டினார்.

"கோவாக்காரர் எங்க மாஸ்டர்?"

"கிளம்பிட்டார். போறப்ப உன்னைப் பத்தி விசாரிச்சார்."

விமல்ராஜின் முகம் மலர்ந்தது. "இன்னா கேட்டாரு?"

"'அந்த எட்டாம் நம்பர் தம்பி நல்லா ஓடுறாரே, கிரவுண்ட்ல எந்த இடத்துல ஆடுறவர்?'னு கேட்டார்" என்றார் மாஸ்டர். "எனக்குச் சொல்லத் தெரியல."