ஆடிப் பாக்காம வாங்கின குண்டு மெஷின்

ஞானக் கதைன்னு சொன்னதும் பாருங்க, ஒருத்தன் முதுகை நிமித்தி உக்காந்துட்டான். ஒருத்தன் செல்லைக் கவுத்து வெச்சுட்டான். டேய் பங்காளிகளா, இந்த மரியாதையைப் பரீட்சைக்குக் குடுத்திருந்தா இந்நேரம் நீங்க எல்லாம் கலெக்டரு. பத்தாவதே முடிக்காதவன்கிட்ட ஞானம் கேக்க வந்திருக்கீங்க. சரி, கேளுங்க. நடுவுல எவனாவது கொட்டாவி விட்டா எழுந்து போயிடுவேன்.

இந்தக் கதையில ஆலமரம் இல்லை. தாடி இல்லை. ஒரு குரு, ஒரு சீடர். அவ்வளவுதான்.

குரு பேரு லூர்து அக்கா. வயசு முப்பத்திரண்டு. ஏற்காடு ஏரிக்கு எதிர்ல கேம் கடை வெச்சிருக்கு. காதுல பென்சில் மாதிரி ஒரு ஸ்க்ரூட்ரைவர் சொருகியிருக்கும்.

சீடர் பேரு தனகோடி சார். வயசு அறுபத்தொண்ணு. ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர்.

அவரு அக்காவை 'டீச்சர்'னு கூப்பிடுவாரு. அக்கா அவரை 'சார்'னு கூப்பிடும். புதுசா வர்றவன் இது கேம் கடையா ஸ்டாஃப் ரூமான்னு முழிப்பான்.

கடையில பதினோரு மெஷின். எல்லாமே பின்பால். எங்க பக்கம் குண்டு மெஷின்னுதான் சொல்லுவோம். சாய்ஞ்ச மேஜை, மேல கண்ணாடி, உள்ள ஒரு இரும்புக் குண்டு. ஸ்ப்ரிங்கை இழுத்து விட்டா குண்டு மேல ஓடி, அங்க முட்டி, இங்க முட்டி, மணியடிச்சு, லைட்டைப் போட்டு, பாயின்ட்டை ஏத்திட்டுக் கீழ உருண்டு வரும். கீழ துடுப்பு மாதிரி ரெண்டு. பக்கத்துக்கு ஒரு பட்டன். தட்டித் தட்டி மேல அனுப்பணும். விட்டா குழி. ஒரு டோக்கனுக்கு மூணு குண்டு. கிட்டத்தட்ட நம்ம வாழ்க்... வேணாம், அடிப்பீங்க.

சார் மொத மொத பேரனோடதான் வந்தாரு. பேரன் ஒரு ஆட்டம் ஆடிட்டு ஐஸ் கேட்டு அழுதான். சார் நகரலை. மறுநாள் பேரன் இல்லாம வந்தாரு. அப்புறம் ஆறு மாசம், தினம், காலையில பத்து மணிக்கு, பெல்லடிச்ச மாதிரி.

ஒரு நாள் கையைக் கட்டிக்கிட்டு நின்னாரு.

"டீச்சர், என்னையும் தொழில்ல சேத்துக்கங்க."

அக்கா ஒரு துடுப்பைக் கழட்டிக்கிட்டு இருந்துச்சு. நிமிந்து பாக்கலை.

"கோடை விழாவுக்குள்ள ஒரே ஒரு மெஷின் நீங்களா வாங்கிட்டு வாங்க சார். சரியா வாங்கினா கடையில வாசப்பக்கம் பாதி உங்களுது."

"தப்பா வாங்கிட்டா?"

"ஞாயித்துக்கிழமை பேரனைக் கூட்டிட்டு வாங்க. மத்தவங்க மாதிரி."

சாருக்கு முகம் சுருங்கிடுச்சு. ரிட்டயரான மனுசனுக்கு வீட்டுல என்ன இருக்கு? பேப்பர், மாத்திரை, மறுபடியும் அதே பேப்பர்.

"சரி டீச்சர்."

"ஒண்ணு மட்டும். வாங்கறதுக்கு முன்னாடி ஆடிப் பாக்கக் கூடாது."

"அதெப்படி? முப்பத்தாறு வருசம் டெஸ்ட்டு வைக்காம ஒரு பயலைக்கூட நான் உள்ள விட்டதில்லை."

"தெரியும் சார்."

"இந்தப் பதினொண்ணும்?"

"ஒண்ணைக்கூட ஆடிப் பாத்து வாங்கலை."

"ஏன் டீச்சர்?"

அக்கா ரெண்டு டோக்கனை எடுத்து அவரு கையில வெச்சுச்சு.

"நாலாம் நம்பர்ல ஒண்ணு. ஏழாம் நம்பர்ல ஒண்ணு. ஆடிட்டு எது நல்ல மெஷின்னு சொல்லுங்க."

நாலுல ஆடினாரு. குண்டு கீழ வரவே மாட்டேங்குது. மணி மேல மணி. சார் வேட்டியை மடிச்சுக் கட்டிட்டாரு. ஏழுல ஆடினாரு. ஸ்ப்ரிங்கை விட்டாரு, குண்டு நேரா குழிக்குள்ள. மறுபடி விட்டாரு, மறுபடி குழி. மூணாவது குண்டு போனதும் மெஷின் பக்கத்துல ஓங்கி ஒரு தட்டு தட்டிட்டு, "சாரி"ன்னாரு. மெஷின்கிட்ட.

"நாலாம் நம்பர் அருமை டீச்சர். ஏழு சுத்த மோசம்."

"நாலை வாரத்துக்கு ரெண்டு பேரு தொடறான். ஏழுக்கு லைன்ல அடிதடி நடக்கும்."

"அப்ப நான் சொன்னது?"

"உங்களைப் பத்திச் சொன்னீங்க சார். மெஷினைப் பத்தி நான் இன்னும் கேக்கலை."

இது வரைக்கும் நான் பாக்கலை, அக்கா சொன்னது. இனிமே நான் வர்றேன். எவனாவது கை தட்டுங்கடா.

சேலத்துல ஒரு கேம் ஹாலை மூடினாங்க. எல்லாரும் செல்லுல ஆட ஆரம்பிச்ச பிறகு அங்க ஈ மட்டும்தான் வந்துச்சு, அதுவும் டோக்கன் எடுக்கலை. சாமானை வித்து முடிக்கிற பொறுப்பை ஓனரு எங்கிட்ட விட்டிருந்தாரு. மிச்சம் ரெண்டே குண்டு மெஷின்.

ஒண்ணு சிவப்பு. குதிரைப் படம் போட்டது. கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளை மாதிரி பளபளன்னு நிக்கும்.

இன்னொண்ணு பச்சை. மேல எல்லாம் கீறல். முன்பக்கத் தகரம் நசுங்கி, சட்டம் அடி வாங்கி, ரெண்டு வருசமா உயிரே இல்லை. நாங்க அது மேல டிபன் கேரியர் வைப்போம்.

அக்காவும் சாரும் குட்டியானை வண்டியில வந்து இறங்கினாங்க.

"நான் டீ குடிக்கறேன். நீங்க போயிட்டு வாங்க சார்"னு அக்கா எதிர்க் கடைக்குப் போயிடுச்சு.

சார் தனியா உள்ள வந்தாரு. என்னைப் பாத்தாரு. கண்ணாடியை ஏத்தி விட்டுட்டு மறுபடியும் பாத்தாரு.

"நீ மாதேஷு."

"பரவால்லையே சார்."

"டென்த் பி."

"டென்த் பி பாதி வரைக்கும்."

இது உங்களுக்குத் தெரியணும். எங்க ஸ்கூல்ல வருசா வருசம் பத்தாவது நூத்துக்கு நூறு பாஸ். எப்படித் தெரியுமா? டிசம்பர்ல ஒரு டெஸ்ட்டு. அதுல தேறாத பயலோட அப்பாவைக் கூப்பிட்டு, கையில டிசியைக் குடுத்து அனுப்பிடுவாங்க. பரீட்சை எழுதினாத்தானே ஃபெயிலு? எங்க வருசம் ஏழு பேரு. நான் மூணாவது. மே மாசம் ஸ்கூல் கேட் மேல பெரிய பேனர், நூத்துக்கு நூறுன்னு, நடுவுல சார் போட்டோ. எங்கப்பாவுக்கு பேனர் கட்டுற வேலை. அதைக் கட்டினதும் அவருதான். 'சாய்வா இருக்குதா பாருடா'ன்னு மேல இருந்து என்னைக் கேட்டாரு. நேராத்தான் இருந்துச்சு.

சார் எதையோ சொல்ல வாயெடுத்தாரு. நான் விடலை.

"மெஷின் பாக்க வந்தீங்களா, மார்க் பாக்க வந்தீங்களா? வாங்க சார். இந்தக் குதிரையைப் பாருங்க. ஒரு ஆட்டம் ஆடிப் பாருங்க. ஃப்ரீ."

"ஆடக் கூடாதுப்பா."

"யாரு சொன்னா?"

"எங்க டீச்சர்."

"டெஸ்ட்டு வைக்காம நீங்க எதையாவது எடுத்திருக்கீங்களா சார்?"

அது எங்க பட்டுச்சுன்னு எனக்குத் தெரியும். அங்க பாத்துதான் விட்டேன்.

ஸ்விட்சைப் போட்டேன். குதிரைக்குக் கண்ணுல லைட் எரிஞ்சுது. குண்டு ஸ்ப்ரிங் முன்னாடி வந்து ரெடியா நின்னுச்சு. சார் கிட்ட வந்தாரு. ரெண்டு கையும் தானா மேஜைப் பக்கத்துல போய் உக்காந்துச்சு. விரல் பட்டன் மேல. நெத்தியில வேர்வை. லட்டு முன்னாடி சுகர் பேஷன்ட் நிக்கற மாதிரி நின்னாரு.

கண்ணை மூடிக்கிட்டாரு.

அமுக்கலை. பட்டனைச் சுத்தி விரலால மெதுவாத் தடவினாரு. பெயின்ட் வழுவழுன்னு புதுசா இருந்துச்சு. ஒரு நகக் கீறல்கூட இல்லை.

அப்புறம் பச்சைகிட்டப் போனாரு. டிபன் கேரியரை எடுத்துக் கீழ வெச்சாரு. அதே இடத்துல தடவினாரு. அங்க பெயின்டே இல்லை. உள்ள மரம் தேஞ்சு, உள்ளங்கை அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்துச்சு. கையை வெச்சாரு. கை அப்படியே படிஞ்சு உக்காந்துச்சு. அந்தப் பக்கமும் அப்படித்தான்.

சட்டுன்னு தரையில மண்டி போட்டாரு. ஹெட்மாஸ்டரு, வெள்ளை வேட்டி, என் காலு பக்கத்துல. முன்பக்கத் தகரத்தை ஒவ்வொரு நசுங்கலாத் தொட்டு எண்ண ஆரம்பிச்சாரு.

"மாதேஷு, இதை யாருப்பா இப்படி உதைச்சது?"

"வேற யாரு? தோத்தவன் எல்லாம்தான்."

"உதைச்சுட்டுத் திரும்பி வருவாங்களா?"

"வராமயா சார் இத்தனை உதை? உதைச்சவனே மறுநாள் மொத ஆளா வந்து நிப்பான்."

"அந்தக் குதிரையை?"

"அதை எவன் சார் உதைப்பான்?"

சொல்லிட்டு நாக்கைக் கடிச்சேன். எனக்கு வாயிதான் எப்பவும் எமன்.

சார் முட்டியைத் தட்டிக்கிட்டு எழுந்தாரு.

"பச்சையை ஏத்திடு."

"அது ஓடாது சார்."

"தெரியுது."

"ஆடிப் பாக்கவே முடியாது."

"ரொம்ப நல்லதாப் போச்சு."

தூக்க வந்த ஆளுங்க சிரிச்ச சிரிப்புல டீக்கடையே திரும்பிப் பாத்துச்சு. "பெருசு, பழைய இரும்புக்கா?"ன்னு ஒருத்தன். "இல்லை, சமாதி கட்ட"ன்னு இன்னொருத்தன். அக்கா வந்து மெஷினை ஒரு தடவை பாத்துச்சு, சாரை ஒரு தடவை பாத்துச்சு. மிச்ச டீயை ஒரே மடக்காக் குடிச்சுட்டு, "கயித்தை நல்லா இறுக்கிக் கட்டுங்க. இருபது கொண்டை ஊசி வளைவு"ன்னுச்சு.

மறுநாள் குதிரையை ஒரு ஓட்டல்காரரு வாங்கினாரு. ஒரு ஆட்டம் ஆடினாரு, பாயின்ட் எகிறிச்சு, அங்கயே டான்ஸ் ஆடினாரு. தலையில தூக்கி வெச்சுக்கிட்டுப் போனாரு.

மேல ஏற்காட்டுல அக்காவும் சாரும் பச்சையைப் பிரிச்சுப் போட்டாங்க. உள்ள ரெண்டு எலிக்கூடு, ஒரு கொலுசு, ஒரு ஜோசியக்காரரோட கார்டு. அறுந்து கிடந்தது ஒரே ஒரு வயர். போயிருந்தது ஒரே ஒரு ஃப்யூஸ்.

கோடை விழா மொத நாள் நானும் பஸ் ஏறினேன். சார் மூக்குடையறதைப் பாக்கத்தான். மறைச்சு என்ன?

ஏரி ரோட்டுல இறங்கினதும் மணிச் சத்தம் கேட்டுச்சு. சர்ச்சு மணி இல்லை, கோயில் மணி இல்லை. நம்ம பச்சை. டிபன் கேரியர் தாங்கின பச்சை. கடைக்கு வெளிய லைனு, சோளம் சுடுற அக்காவைத் தாண்டி, போட் டிக்கெட் கவுன்ட்டர் வரைக்கும். போட் டிக்கெட் எடுக்க வந்தவன் எல்லாம் தப்பான லைன்ல நின்னு, தெரிஞ்சும் நகராம நிக்கறான்.

சார் வாசல்ல ஸ்டூல் போட்டு டோக்கன் குடுத்துக்கிட்டு இருந்தாரு. முகத்துல ஒரு பயம் மட்டும் போகலை. ஆடறவன் காலையே பாத்துக்கிட்டு இருந்தாரு.

புதுசாக் கல்யாணமானவன் ஒருத்தன் ஆடினான். புது ஸ்வெட்டர், பக்கத்துல பொண்டாட்டி. மூணாவது குண்டு துடுப்புக்கு நடுவுல நழுவிக் குழிக்குள்ள போச்சு. பொண்டாட்டி 'களுக்'னு சிரிச்சுது. அவன் காலைத் தூக்கித் தகரத்துல விட்டான் ஒரு உதை.

சார் ஸ்டூலோட எகிறிட்டாரு.

"டீச்சர்! உதைச்சுட்டான்!"

அவன் பயந்துட்டான். "சாரி சார், சாரி சார், தெரியாம..."

"நல்லாயிருப்பே தம்பி! நீ நல்லாயிருப்பே!" அவன் ரெண்டு கையையும் புடிச்சுக் குலுக்கறாரு. "அம்மா, உங்க வீட்டுக்காரர் தங்கமானவருமா!"

அந்தப் பொண்ணுக்கு ஒண்ணும் புரியலை. அவனுக்கும் புரியலை. ஆனா நேராப் போய் லைனோட கடைசியில மறுபடியும் நின்னான்.

"டீச்சர்! திரும்ப நிக்கறான் டீச்சர்!"

அறுபத்தொரு வயசு. ரோட்டுல குதிக்கறாரு. லைனே விசிலடிச்சுது. ஏன்னு தெரியாமயே நானும் அடிச்சேன்.

அக்கா உள்ள இருந்து வந்துச்சு. இடுப்புச் சாவிக்கொத்துல இருந்து வாசப்பக்க ஷட்டர் சாவியைக் கழட்டி அவரு கையில வெச்சுச்சு. சார் அந்தச் சாவியைக் கண்ணுல ஒத்திக்கிட்டாரு.

விசிலடிச்சவன் யாருன்னு திரும்பினப்பதான் என்னைப் பாத்தாரு.

"மாதேஷு! வாடா. டீச்சர், இவன் என் ஸ்டூடன்ட்டு."

"பாதி வரைக்கும்"னேன்.

சார் என் தோள் மேல கை போட்டாரு.

"இப்ப எங்கப்பா வேலை?"

"ஹால் மூடியாச்சு. எங்கயும் இல்லை."

"டீச்சர், இவன் இங்க வரட்டுமா? வாய் ஜாஸ்தி, ஆனா மெஷின் தெரிஞ்சவன்."

"வரட்டும் சார்."

"மொதல்ல ஒரு மாசம் வெச்சுப் பாத்துட்டு, சரிப்பட்டு வந்தான்னா..."

அக்கா காதுல இருந்த ஸ்க்ரூட்ரைவரை எடுத்துச்சு.

"சார், சேலத்துல பச்சைத் தகரத்துல எத்தனை தடம் எண்ணுனீங்க?"

"முப்பத்தி நாலு டீச்சர்."

"இவன்கிட்டயும் எண்ணுங்க. மொதத் தடம் யாரு செருப்புன்னும் பாத்துக்கங்க."

சார் டோக்கன் குடுக்கறதை நிறுத்திட்டு கண்ணாடியைக் கழட்டினாரு. ரொம்ப நேரம் துடைச்சாரு. லைன்ல இருந்தவன் எல்லாம் கத்தறான், அவருக்குக் காது கேக்கலை. அப்புறம் தன் ஸ்டூலைக் காலால நகத்தி என் பக்கம் தள்ளிட்டு, ஓரமா நின்னுக்கிட்டாரு.

நான் உக்காந்தேன். டோக்கன் குடுக்க ஆரம்பிச்சேன்.

இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கு. சேலத்துக்கு மெஷின் பாக்க வர்றது தனகோடி சாருன்னு அக்கா முந்தின நாளே போன்ல சொல்லியிருந்துச்சு. அவரு எனக்கு டிசி குடுத்த கதையை அப்பவே அக்காகிட்டக் கொட்டிட்டேன். நாலு ஆட்டம் ஓடிச் சூடானா அந்தக் குதிரை மெஷின் நின்னுடும்னு எனக்குத் தெரியும். அதோட பின்னங்காலை இறக்கி, சாய்வைக் குறைச்சு, எவன் ஆடினாலும் ஜெயிக்கற மாதிரி செட் பண்ணி, பெயின்ட் அடிச்சு வெச்சது நான்தான். சாருக்காகத்தான் செஞ்சேன்.