கீரைக்காரியை வணங்கிய தேர்

வெகு காலத்துக்கு முன்னே வெண்குன்ற நாட்டை மாறவேள் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான், ஆனால் நினைத்தது நடந்தாக வேண்டும். மாறுவேடத்தில் நகர்வலம் போவதென்றால் அவனுக்குக் கொள்ளை ஆசை.

அவனுக்கென்று தச்சர்கள் ஓர் அதிசயத் தேர் செய்தார்கள். குதிரையும் இல்லை, சாரதியும் இல்லை. முகப்பில் ஒரு மரப்பாவை. அதன் காதில் ஓதிய கட்டளைப்படி தேர் நடக்கும். அது தானாக உருண்டபோது ஊரே கூடி வேடிக்கை பார்த்தது. மந்திரி கூத்தபிரானுக்கு மெய் சிலிர்த்தது.

"நிறுத்த முடியாத அவசரம் வந்தால் இது யாரைக் காப்பாற்ற வேண்டும்?" என்று ராஜா கேட்டான்.

தளவாய் உடையப்பருக்கு மந்திரியைக் கண்டாலே ஆகாது. முந்திக்கொண்டார். "முதலில் மகாராஜாவை. அப்புறம் பட்டு உடுத்தியவர்களை. கந்தல் கட்டியவர்கள் எப்படியோ போகட்டும்."

"சரிதான். மந்திரி, இதைப் பாவையின் காதில் ஓதும். ஒரு சொல் குறைந்தாலும் உம் தலை போகும்."

ஊரில் பாதிப் பேர் கந்தல்தானே கட்டுகிறார்கள் என்று நினைத்தார் கூத்தபிரான். ஒரு சொல்லும் குறைக்காமல் ஓதினார். கூடவே ஒரு வாக்கியம் சேர்த்தார்.

மறுநாள் ராஜா மாடத்திலிருந்து பார்க்க, தளவாயும் மந்திரியும் தேரேறினார்கள். தேர் பறந்தது. கடைத்தெருவில் கந்தல் கட்டிய கீரைக்காரி ஒருத்தி திடீரென்று குறுக்கே வந்தாள். தேர் சட்டென்று ஒடித்துத் திரும்பி, ஏறியிருந்த இருவரையும் சேற்றுக்குட்டையில் கொட்டியது. பிறகு மரப்பாவை கீரைக்காரியைத் தலை தாழ்த்தி வணங்கியது.

ராஜா ஓடி வந்தான். "மகாராஜா, இவர் கட்டளையை மாற்றிவிட்டார்" என்றார் தளவாய், சேற்றைத் துப்பியபடி.

"மாற்றவில்லை, அரசே. 'எங்கள் ராஜா மாறுவேடத்தில் தெருவில் நடப்பார்' என்று மட்டும் சேர்த்தேன். பொய்யா?"

"அதற்காக, இந்தக் கீரைக்காரியா நான்?"

"போன மாதம் முக்காடிட்டு முருங்கைக்கீரை விற்றது யார்? பாவைக்கு எப்படித் தெரியும்? எதிரே வரும் கந்தல் ஒவ்வொன்றும் நீங்களாக இருக்கலாமே."

"தேர் உம்மையும் கவிழ்க்கும் என்று தெரியுமா?"

"தெரியும், அரசே."

ராஜா தன் முத்தாரத்தைக் கழற்றி, சேறு வழியும் மந்திரியின் கழுத்தில் போட்டான். "தளவாய், கந்தலைக் கட்டிக்கொண்டு தேருக்கு எதிரே நில்லும்" என்றான்.

உடையப்பர் கந்தலைக் கட்டிக்கொண்டு நின்றார். வெறுந்தேர் பாய்ந்து வந்தது. கண்ணை இறுக மூடிக் குலதெய்வத்தைக் கூப்பிட்டார். சத்தம் அடங்கியதும் மெல்லத் திறந்தார்.

மரப்பாவை அவரையும் தலை தாழ்த்தி வணங்கிக்கொண்டிருந்தது.