தங்கத் தாம்பாளத்து நாற்றுகள்

முன்னொரு காலத்தில், தக்காளி என்ற பேரையே யாரும் கேட்டிராத ஒரு நாட்டை உத்தண்டவர்மர் என்ற ராஜா ஆண்டுவந்தார். கப்பல் வியாபாரி ஒருவன் கொண்டுவந்த ஒரே ஒரு தக்காளிப் பழத்தை ராஜா கடித்தார். அவ்வளவுதான், பைத்தியம் பிடித்துவிட்டது! வியாபாரியிடம் இருந்த நாற்பது விதைகளையும் வாங்கிக்கொண்டு சபையைக் கூட்டினார்.

“இந்த விதைகள் என் பிள்ளைகள். எனக்கும் இவற்றுக்கும் எள்ளளவும் வித்தியாசம் காட்டக் கூடாது. காட்டுகிறவன் தலை உருளும்!” என்று ஆணையிட்டார்.

விதைகளை வளர்க்கும் பொறுப்பு தோட்டக்காரி காத்தாயியிடம் வந்தது. அடியில் ஓட்டை போட்ட மண்சட்டிகளில் எரு கலந்த மண்ணை நிரப்பித் தயாராக வைத்திருந்தாள் அவள். அரண்மனை அதிகாரி திருமேனிராயர் அவற்றைக் காலாலேயே ஓரம் தள்ளினார்.

“ராஜகுமாரர்களுக்கு ஓட்டைச் சட்டியா? தங்கத் தாம்பாளம் கொண்டு வாருங்கள்! மேலே வெண்கொற்றக்குடை பிடியுங்கள். சுற்றிலும் பட்டுத்திரை. நாழிகைக்கு ஒரு சொம்பு பன்னீர்!”

“ஐயோ சாமி, தண்ணி வடியாதுங்களே. வெயிலும் காத்தும் படாம நாத்து எப்படிங்க பொழைக்கும்?” என்றாள் காத்தாயி.

“வாயை மூடு!”

தங்கத் தாம்பாளத்திலேயே மண்ணைப் பரப்பி விதைத்தாள். வேறென்ன செய்வாள், பாவம்!

ஆறாம் நாள் நாற்பதும் முளைத்தன. காத்தாயி மண்ணைத் தொட்டுக் கும்பிட்டாள். பத்தாம் நாள் பார்த்தால், பகீரென்றது! குடை நிழலில் வெளிச்சத்தைத் தேடித்தேடி, நாற்றெல்லாம் நூல் மாதிரி நீண்டு வெளுத்துப் போயிருந்தன. பதினைந்தாம் நாள், மண்ணோடு ஒட்டிய தண்டு கறுத்து, கிள்ளிவிட்டாற்போல் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. அழுகாமல் மிஞ்சியவை பன்னிரண்டு. அவையும் நிற்கத் தெம்பில்லாமல் படுத்துக் கிடந்தன.

ராஜா பார்த்தார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

“இவள் கை பட்டதால்தான் பிரபு!” என்றார் திருமேனிராயர் சட்டென்று. அதோடு விட்டாரா? சபையின் விகடன் நல்லாப்பிள்ளையின் மேல் அவருக்கு வெகுநாள் வயிற்றெரிச்சல். “எதையும் சரிசெய்வேன் என்று மார்தட்டுகிறானே, அவன் நிமிர்த்தட்டுமே இவற்றை!”

“அப்படியே ஆகட்டும்!” என்று சீறினார் ராஜா. “பத்து நாள் தருகிறேன். பன்னிரண்டும் நிமிர்ந்து நிற்காவிட்டால் இரண்டு பேரையும் பட்டத்து யானையின் காலில் போடுங்கள்!”

நல்லாப்பிள்ளை காத்தாயியை ஓரமாகக் கூட்டிப்போய் எல்லாவற்றையும் விசாரித்தான். தாம்பாளம், குடை, திரை, பன்னீர் என்று அவள் அழுதுகொண்டே சொல்லி முடித்ததும் நேரே ராஜாவிடம் வந்தான்.

“மகாராஜா, தங்களுக்கும் நாற்றுக்கும் வித்தியாசம் கூடாது என்ற ஆணை இன்னும் அமலில் இருக்கிறதா?”

“ராஜ வாக்கு மாறுமா?”

“அப்படியானால் இதுவரை பெரிய தப்பு நடந்திருக்கிறது. நாற்றுக்கு நடப்பது தங்களுக்கு நடக்கவில்லை. இனியும் விட்டால் எங்கள் எல்லார் தலையும் உருளும்!”

மறுநாள் விடிந்தபோது சபையே கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தது. பெரிய தாம்பாளம் ஒன்றில் சேற்றைக் குழைத்து, அதில் ராஜாவை நிறுத்தியிருந்தான் நல்லாப்பிள்ளை! தலைக்கு மேல் குடை, சுற்றிலும் ஏழு மடிப்புப் பட்டுத்திரை. நாழிகைக்கு ஒரு சொம்பு பன்னீர் ராஜாவின் காலில் விழுந்தது. சபையறியச் சொன்ன வாக்கை ராஜா எப்படி மீறுவார்? பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். காத்தாயி திரைக்கு வெளியே சாமியையெல்லாம் வேண்டிக்கொண்டாள். யானை வேறு முற்றத்தில் பிளிறியது.

உச்சிவேளையில் உள்ளேயிருந்து தும்மல் கேட்டது. அப்புறம் ஓர் அலறல்.

“மூச்சு முட்டுகிறதடா! கால் ஊறி விறைத்துவிட்டது! வெளிச்சம் கொடு, காற்று கொடு! என்னைக் கொல்லவா பார்க்கிறாய்?”

நல்லாப்பிள்ளை திரையை விலக்கிக் கும்பிட்டான். “அரை நாளுக்கே இப்படியா பிரபு? தங்கள் பிள்ளைகள் பதினைந்து நாளாக இப்படித்தான் நிற்கிறார்கள்.”

ராஜா நாற்றுகளைப் பார்த்தார். வெளுத்துச் சுருங்கிய தன் காலையும் பார்த்தார். முகம் தொங்கிவிட்டது. “நானல்லவா கொன்றேன்!” என்றார் மெதுவாக. “காத்தாயி, உனக்குத் தெரிந்தபடி செய்.”

அவள் ஓடினாள். ஓட்டைச் சட்டிகளை எடுத்துவந்து, ஒவ்வொரு நாற்றையும் உச்சி இலைகள் மட்டும் தெரிய, கழுத்துவரை மண்ணுக்குள் இறக்கினாள்.

“ஐயையோ, ராஜகுமாரர்களை உயிரோடு புதைக்கிறாள்!” என்று கத்தினார் திருமேனிராயர்.

“நீண்ட தண்டுங்க. மண்ணுக்குள்ள போனா தண்டே வேர் விடுமுங்க” என்றாள் காத்தாயி, கையை நிறுத்தாமல்.

நல்லாப்பிள்ளை உடனே மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு ராஜாவின் உயரத்தை ஏற இறங்கப் பார்த்தான். “கழுத்துவரை என்றால் மூன்றரை முழக் குழி போதுமா, மகாராஜா?”

ராஜா தாம்பாளத்திலிருந்து ஒரே தாவு! “ரத்து! அந்த ஆணை ரத்து! நாற்று வேறு, நான் வேறு!”

அதன்பின் காலை இளவெயில், நல்ல காற்று, மேல்மண் காய்ந்தால் மட்டும் தண்ணீர். பத்தாம் நாள் பன்னிரண்டும் கரும்பச்சையாக, தண்டு தடித்து நிமிர்ந்து நின்றன. யானை கொட்டடிக்குத் திரும்பியது. ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். நல்லாப்பிள்ளைக்கு முத்துமாலை, காத்தாயிக்கு அந்தத் தங்கத் தாம்பாளம்.

காத்தாயி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “சாமி, இது எனக்கே எனக்குங்களா?”

“உனக்கேதான்.”

“அப்ப அடியில நாலு ஓட்டை போட்டுக்கட்டுங்களா?”

திருமேனிராயருக்கு மயக்கமே வந்துவிட்டது. ராஜா சிரிப்பை அடக்கிக்கொண்டு, “அவரை எழுப்புங்கள்” என்றார். “ஆணியைப் பிடிக்க ஆள் வேண்டுமல்லவா!”